சுகர் ஊசி போட்டால் நடுக்கம் நிற்குமா?

எங்கள் மெடிக்கல் ஷாப் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. அப்பா ஆரம்பித்த கடை. பி.பார்ம் முடித்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். ஜவுளி எடுக்க வரும் கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விடும். நிற்பவர்கள் பெரும்பாலும் மாதாமாதம் வருகிறவர்கள்: சுகர், பிரஷர், இப்போதெல்லாம் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்கான சின்டோபா மாத்திரையும்.

சுகரைப் பற்றி இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனி கிளினிக் தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கே ஒரு மருத்துவமனை கட்டினார். கல்மண்டபம் பக்கத்துப் பாட்டிக்குக்கூட சுகரின் ‘மூணு மாச சராசரி’ என்றால் என்னவென்று தெரியும். அதனால் கவுண்டருக்கு வரும் கேள்விகளும் கொஞ்சம் கனமாகவே இருக்கும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு அக்கா. வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு சுகரும் உண்டு, பார்க்கின்சனும் உண்டு. “கண்ணு, வெயிட்டு குறைக்கிற சுகர் ஊசி ஒண்ணு கீதாமே, அத்தப் போட்டா கை நடுக்கம் நின்னுடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நம்ம கடையில வருதா?” என்று கேட்டார்.

“டாக்டர் எழுதாம நான் தர முடியாதுக்கா. அவர் எழுதினாலும் நடுக்கத்துக்காக எழுத மாட்டார்” என்றேன். வரிசையில் ஆள் நிற்கும்போது அவ்வளவுதான் பேச முடியும். மீதி இங்கே.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் புளுகு இல்லை, பழைய சேதி. மூளையிலும் இன்சுலினுக்கு வேலை இருக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோய் வந்த மூளையில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை என்று பார்த்து, 2005 வாக்கில் சிலர் அதை ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படியானால் சுகர் மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று யோசனை போனது இயல்புதான்.

அப்படிச் சோதித்ததில் பெரிய நட்சத்திரம் எக்செனடைட், அக்கா கேட்ட ஊசியின் குடும்பம்தான். அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி உண்டு. நம் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோன் போலவே வேலை செய்யும் ஒரு பொருளை அதன் விஷத்திலிருந்து பிரித்தவர் ஜான் எங் என்ற டாக்டர். 1992-ல் அதை வெளியிட்டார், 2005-ல் அது சுகர் ஊசியாக அனுமதி பெற்றது. ஆய்வகத்தில் எலிகளிடம் அது நரம்பு செல்களைக் காப்பாற்றியது, அழற்சியைக் குறைத்தது.

லண்டனில் 62 பார்க்கின்சன் நோயாளிகளிடம் அதைச் சோதித்த முடிவு 2017-ல் வந்தது. 48 வாரம் ஊசி, அப்புறம் 12 வாரம் நிறுத்தம். பார்க்கின்சன் மாத்திரை போடாத நிலையில் கை கால் அசைவைச் சோதித்து 132 வரை மார்க் போடுவார்கள். மார்க் ஏறினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம். ஊசி போட்டவர்கள், மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களைவிட 3.5 மார்க் நல்ல நிலையில் இருந்தார்கள். உலகமெங்கும் செய்தி ஆனது இதுதான். வாழ்க்கைத் தரம் போன்ற மற்ற அளவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது யார் ஃபார்வர்டிலும் வரவில்லை. 2024-ல், பிரான்சில் அதே குடும்பத்து லிக்சிசெனடைடை 156 பேரிடம் சோதித்த முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் போலி ஊசிக்காரர்கள் சுமார் 3 மார்க் மோசமானார்கள், மருந்துக்காரர்கள் அப்படியே நின்றார்கள். நல்ல சேதிதான். கூடவே மருந்துக்காரர்களில் 46 சதவீதம் பேருக்குக் குமட்டல்.

பிறகு 2025 பிப்ரவரி. முதல் சோதனையை நடத்திய அதே லண்டன் குழு எக்செனடைடை 194 பேரிடம் 96 வாரம் சோதித்த முடிவு வந்தது. போலி ஊசி போட்டவர்கள் 4.5 மார்க் மோசமாகியிருந்தார்கள், மருந்து போட்டவர்கள் 5.7. பலன் இல்லை. அதே வருஷம் நவம்பரில், அதே குடும்பத்து செமாக்ளுடைட் மாத்திரையை அல்சைமருக்குச் சோதித்த முடிவு. 3,808 பேர், ஆரம்பநிலை நோயாளிகள். உடம்பில் அளந்த சில அடையாளங்கள் நன்றாக மாறின, நோயின் வேகம் மட்டும் குறையவில்லை. இவற்றுக்கும் முன்னாலேயே, எங்கள் கடையில் தினம் போகும் பியோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரையை பார்க்கின்சனுக்குக் கொடுத்துப் பார்த்து 2015-ல் கைவிட்டார்கள். அதே மாத்திரை அல்சைமரைத் தடுக்குமா என்று நடந்த பெரிய சோதனையும் 2018-ல் பாதியில் நின்றது.

அப்படியானால் ‘சுகர் ஊசி போடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவு’ என்று வந்த அத்தனை கணக்கெடுப்பும் பொய்யா? பொய் இல்லை. அந்தக் கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் கவுண்டரில் நின்று பார்த்தாலே தெரியும். விலை உயர்ந்த ஊசி வாங்குகிறவர் ஃபைலோடு வருகிறார், நடைப்பயிற்சி போகிறார், பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து போன் போட்டு விசாரிக்கிறான். கிளைகோமெட் என்ற மெட்ஃபார்மின் சுகர் மாத்திரையைப் பத்து பத்தாக வாங்குகிறவர் காசிமேட்டில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து மீன் ஏலக் கூடையைத் தூக்கிவிட்டு வருகிறார். பத்து வருஷம் கழித்து இருவரில் யாருக்கு ஞாபகம் தெளிவாக இருக்கும்? அந்தத் தெளிவை முழுக்க ஊசியின் கணக்கில் எழுதிவிட முடியுமா? குலுக்கல் முறையில் ஆளைப் பிரித்து ஒரு பாதிக்குப் போலி மருந்து கொடுப்பது இதற்காகத்தான். அங்கே படிப்பு, காசு, கவனிப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

மருந்துக்காரியாக எனக்கு இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. இதை யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை. இந்த ஜிஎல்பி-1 ஊசிகள் வயிறு காலியாவதை மெதுவாக்கும். பசி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பார்க்கின்சன்காரர்களுக்கோ வயிறும் குடலும் ஏற்கெனவே மந்தம், மலச்சிக்கல் பெரும் தொல்லை. சின்டோபாவில் இருக்கும் லெவோடோபா வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால்தான் ரத்தத்தில் ஏறும். வயிற்றிலேயே தங்கிவிட்டால், மாத்திரை போட்டும் கால் நகராமல் காத்துக் கிடக்க வேண்டியதுதான். போதாததற்கு ஊசி எடையையும் குறைக்கும். கொருக்குப்பேட்டை அக்காவின் வீட்டுக்காரர் ஏற்கெனவே சட்டையைக் கொடியில் மாட்டினாற்போல இருக்கிறார். இன்னும் இளைத்தால் என்ன ஆவார்? சுகருக்காகவே ஒருவருக்கு இந்த ஊசி தேவைப்பட்டால் அது வேறு விஷயம். சுகர் டாக்டரும் நரம்பு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

ஆராய்ச்சி நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. அறிகுறி தெரிகிற நேரத்தில் மூளையில் நிறைய செல்கள் போய்விட்டிருக்கும். இன்னும் முன்னாலேயே ஆரம்பித்தால் பலன் இருக்குமோ என்னவோ. மருந்து மூளைக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதும் ஒவ்வொன்றுக்கும் மாறும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சோதனையில்தான் வர வேண்டும், என் கவுண்டரில் இல்லை.

அந்த அக்காவிடம் மறுபடி பேச நேரம் கிடைத்தபோது ஊசியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன். அவர் வீட்டுக்காரர் பல வருஷமாக மெட்ஃபார்மின் போடுகிறார். நீண்ட நாள் போட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். குறைந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதியும் வரும். வயசான கோளாறு, இல்லாவிட்டால் நரம்பு நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடுவோம். “பி12 டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?”

“இன்னாம்மா அது, யாரும் எழுதலியே.”

பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அடுத்த தடவை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மெட்ஃபார்மினை மட்டும் தானாக நிறுத்திவிடக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.