உயர உயரப் பறப்பது குறையும்

நேவி பைலட் ஆனால் நேராக லக்சமானா, அதாவது அட்மிரல், ஆகிவிடலாம் என்று இங்கே ஆயர் தாவார் ஒட்டுக்கடைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்கு மேலே லுமுட் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். எதிர்வீட்டுப் பையன் எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சை எழுதப் போகிறான், அவனும் அதே கனவில்தான் இருக்கிறான். லுமுட் ஹேங்கரில் ஸ்பானர் பிடித்துப் பென்ஷன் வாங்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், நேவியில் சேர்கிற அதிகாரி பைலட் ஆவதற்கு முன்னால் கப்பல்காரர் ஆக வேண்டும். லெஃப்டினன் மூடா என்கிற இளநிலை அதிகாரியாக, கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் நின்று நள்ளிரவு வாச் டியூட்டி பார்த்து, வாந்தி எடுத்து, அப்புறம்தான் பறக்கிற பயிற்சி. மார்பில் இறக்கை குத்திய பிறகும் கப்பல் விடாது. ஃபிரிகேட் போர்க்கப்பல் ஒன்றில் ஹெலிகாப்டர் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போவார். கீழே நாங்கள் சில டெக்னீஷியன்கள், மேலே கப்பல் கேப்டன்.

1988-ல் பிரிட்டனிலிருந்து வந்த பழைய வாஸ்ப் ஹெலிகாப்டர்களோடுதான் நம் மலேசியக் கடற்படையின் விமானப் பிரிவு தொடங்கியது. ஒற்றை இன்ஜின். பிறகு சூப்பர் லிங்க்ஸ் ஆறும் ஃபென்னெக் ஆறும் வந்தன. ஆடுகிற தளத்தில் லிங்க்ஸ் இறங்குவதைப் பார்க்க வேண்டும். சக்கரம் தொட்டதும் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு கொக்கி நீண்டு, தளத்திலுள்ள இரும்பு வலைத் தட்டைக் கவ்விக்கொள்ளும். சுழலித் தகடுகளின் கோணத்தை மாற்றினால் தூக்க வேண்டிய காற்றே ஹெலிகாப்டரைக் கீழே அழுத்திப் பிடிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

நான் மனதில் வைத்திருக்கும் அதிகாரியை முதலில் பார்த்தது அப்படி ஒரு தளத்தில்தான். அப்போது லெஃப்டினன் கொமாண்டர். தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று நேரம். கியர்பாக்ஸில் உலோகத் துகள் இருப்பதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அந்தத் துகளைப் பிடித்துவைக்கிற காந்த பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். நுனியில் தலைமுடி மாதிரி ஒரே ஒரு இழை. டார்ச் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் எடுத்துத் தேய்த்தார். "இன்றைக்குக் கிடையாது" என்றார்.

கப்பல் கேப்டன் இவரைவிடப் பெரியவர், அவசரத்தில் வேறு இருந்தார். பிரிட்ஜில் சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்டது. ரப்பர் தோட்டத்தில் மழை நாளில் மேற்பார்வை பார்க்கிற மண்டோர் "வெட்டு இல்லை" என்று சொன்னால் பால்வெட்டுக்காரர் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், ஆனால் இங்கே சொல்கிறவர் சின்னவர், கேட்கிறவர் பெரியவர். இவர் குரலை உயர்த்தவில்லை. பராமரிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து கோப்பி குடித்தார். என்னைக் கேட்டால் அவருடைய பதவி உயர்வு அன்றைக்கே முடிவாகிவிட்டது. சரி, இது ஹேங்கர்காரனின் கணக்கு, தலைமையகக் கணக்கு வேறாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மேசைதான். ஸ்டாஃப் காலேஜ், ஸ்குவாட்ரன் பொறுப்பு, கோலாலம்பூரில் அமைச்சு, ஃபைல், பட்ஜெட், உதிரிபாகம் ஏன் வரவில்லை என்று கடிதம். இந்தியக் கடற்படை விமானி தஹிலியானியைப் பாருங்கள். 1961 மே 18-ல் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் அவர். பின்னால் அதே விக்ராந்துக்குக் கேப்டன், 1984 முதல் 1987 வரை கடற்படைத் தளபதி. அந்த ஒரு தரையிறக்கத்துக்கும் தளபதி நாற்காலிக்கும் நடுவே இருபத்து மூன்று வருஷம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பெற்றோர்கள் உதாரணம் காட்டுகிற தனபாலசிங்கம் 1967-ல் 31 வயதிலேயே நம் கடற்படைத் தளபதியானார், முதல் மலேசியர். ஆனால் அவர் கப்பல்காரர், விமானி இல்லை.

மேலே போனால் இன்னொன்றும் வரும். 2024 ஏப்ரல் 23 காலை லுமுட்டில் ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு நாளில் குடும்பங்களின் முன் போய் நிற்க வேண்டியவர் மூத்த அதிகாரி. பயிற்சியில் அதற்குப் பாடம் உண்டா என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கியர்பாக்ஸ் அதிகாரி கேப்டன் பதவிக்கு உயர்ந்த பிறகு ஒருமுறை ஹேங்கருக்கு வந்தார். வெளியே டிரைவர், பின்னால் நாலைந்து பேர், மினுமினுக்கும் பூட்ஸ். நேராக லிங்க்ஸின் வால் பக்கம் போய்ச் சுழலிக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடலுக்கு மேல் பறந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும், உப்பு தங்கினால் அரித்துவிடும்.

"கழுவலையா?" என்றார்.

புதுப் பையன் ஒருவன் விறைத்து நின்று, "கழுவியாச்சு துவான், அந்தப் பக்கம் மட்டும் பாக்கி" என்றான்.

"அந்தப் பக்கம்தான் நான் நக்கினேன்" என்றார்.