புத்துணர்ச்சியில் விட்ட மார்க்கு

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. தமிழில் 100-க்கு 91 சரி. போன முறை 74தான், விட்டதில் பாதிக்கு மேல் இலக்கணம். பொது அறிவுக்கு எல்லோரும் எழுதுகிறார்கள், நான் தமிழை மட்டும் சொல்கிறேன், அதிலும் முக்கால்வாசி ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான்.

போன முறை ஒரு மாதிரித் தேர்வில் 'புத்துணர்ச்சி' பிரித்தெழுதச் சொல்லி வந்தது. யோசிக்காமல் புத்து + உணர்ச்சி என்று போட்டேன். கூடப் படித்த அண்ணன் பார்த்துவிட்டு "பாம்புப் புத்துக்கு என்னடா உணர்ச்சி?" என்றார். அடுத்த தேர்வில் உஷாராகப் புது + உணர்ச்சி என்று போட்டேன், அதுவும் தப்பு. விடை புதுமை + உணர்ச்சி. இது பண்புத்தொகை, அதாவது பண்பைச் சொல்லும் சொல்லின் 'மை' மறைந்து நிற்கும் தொடர், அதனால் பிரிக்கும்போது பண்புப்பெயரை முழுசாக 'மை'யோடு எழுத வேண்டும்.

விதி வரிசை இது: ஈறு போதலில், அதாவது கடைசி எழுத்து மறைவதில், 'மை' போய் 'புது' நிற்கும். தன்னொற்று இரட்டலில், அதாவது 'து'வில் இருக்கும் 'த்' இரட்டிப்பதில், அது 'புத்து' ஆகும். உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும் (உயிரெழுத்து வந்தால் கடைசி உகரம் போய் 'த்' நிற்கும்), அப்புறம் உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் (அந்த 'த்'மேல் 'உணர்ச்சி'யின் 'உ' ஏறும்). இதில் நான் தவறவிட்டது என்னவென்றால், அந்தத் 'த்' இரட்டிப்பது பின்னால் உயிரெழுத்து வருவதால்தான். புத்தாடை, புத்தாண்டு, புத்தொளி எல்லாம் அப்படி. மெய் வந்தால் புதுக்கவிதை, புதுவாழ்வு என்று 'புது' அப்படியே நிற்கும். (இதைக் கேட்ட உற்சாகத்தில் ஒருவர் புத்தகத்தைப் புதுமை + அகம் என்று பிரித்தார். அது வடசொல், விட்டுவிடுங்கள்.)

பொருளிலும் இடறல் உண்டு. களைத்த உயிர் திரும்பத் தெம்பாவதுதான் புத்துணர்ச்சி. கோயில் யானைகளுக்கு மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் நடத்தினார்களே, அதைப் பேப்பரில் புத்துணர்வு முகாம் என்று போட்டார்கள், யானை களைத்துத்தானே இருக்கிறது, அழிந்துபோகவில்லையே. தூர்ந்துபோன ஏரியைத் தூர்வாரினால் அது பெறுவது புத்துயிர், அங்கே புத்துணர்ச்சி என்று எழுதினால் ஏரி டீ குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். மொழி, கலை, சமூகம் என்றால் மறுமலர்ச்சி. கோடிட்ட இடம் வந்தால் விடைகளைப் பார்க்கும் முன் எழுவாயைப் பாருங்கள்.

மற்றபடி நான் செய்தது:

- பள்ளிப் புத்தகத்தில் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை மூன்று முறை போட்டேன். கைடு வாங்கவில்லை.
- பிரித்தெழுதுவதைப் பரீட்சையில் முதலிலேயே முடித்தேன். கணக்குக்கு அப்புறம் வந்தால் எனக்கு மண்டை ஓடாது.
- விடியற்காலைப் படிப்பு எனக்குத் தூக்கம்தான். ராத்திரி 9 முதல் 12 வரை, நடுவில் இரண்டு டீ.
- வாரம் ஒரு தேர்வு. தினமும் எழுதியவர்கள் தப்பைத் திரும்பிப் பார்த்ததாகவே தெரியவில்லை.

தமிழ்வழிச் சான்றிதழை, அதாவது தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழை, மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் நாளைக்குத்தான் பழைய பள்ளிக்குப் போய் நிற்க வேண்டும்.