அப்பாவிடம் எஞ்சிய ஒரு சொல்

மார்கழி விடியற்காலையில் கிணற்றடிக்குப் போன அப்பா, வாய் கோணி வாழைப்பாத்திக்குள் சரிந்து கிடந்தார். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். பக்கவாதம் என்றார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அது தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டுமாம். அவர் எத்தனை மணிக்கு விழுந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாததால் அதை ஏற்ற முடியவில்லை. அவர் எழும்பிய சத்தத்துக்கு நானும் எழும்பியிருக்கலாமே என்ற எண்ணம் அன்று என்னைப் பிடித்தது.

மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட அடைப்பினால் வலக்கையும் வலக்காலும் பேச்சும் போயின. மிஞ்சியது "ஓம்" என்ற ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும் ஓம், நோகிறதா என்றாலும் ஓம்.

படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதும், புரையேறாமல் கஞ்சியைத் தடிப்பாக்கி ஊட்டுவதும் கைக்குப் பழகிவிட்டன. எனக்குள் எழுந்த கோபத்துக்குத்தான் நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ஒரு மத்தியானம் அப்பா இடக்கையால் கரண்டியைத் தட்டிவிட, "ஏனப்பா இப்பிடிச் செய்யிறியள்?" என்று கத்திவிட்டேன். "ஓம்" என்று சொல்லி அவர் அழுதார். மூன்றாம் நாள்தான் கண்டேன்: உணர்விழந்த வலக்கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் சோறு ஒதுங்கி, பல்முரசு புண்ணாகியிருந்தது. அதைச் சொல்ல அவரிடம் சொல் இருக்கவில்லை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

கனடாவிலிருந்து அண்ணா வட்ஸ்அப்பில் பார்த்து, "அப்பாவின்ர முகம் தெளிஞ்சிருக்கு" என்று மகிழும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது. அவர்மீது குற்றமில்லை என்று தெரிந்தும் எரிந்தது.

நான்காம் மாதம் கிளினிக்கில் இயன்மருத்துவர் அப்பாவின் காலை மடக்கி நீட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்கள் இரவில நித்திரை கொள்ளுறியளோ?" என்று கேட்டார். அதுவரை என்னைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை; பதில் சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன். அப்பா காரணமின்றி அழுவதுகூடச் சில வேளைகளில் மூளைப் பாதிப்பினால் வருவது, ஒவ்வொரு முறையும் துக்கமென்று எண்ண வேண்டாம் என்று அவர் விளக்கியது எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று. அன்றிரவே அண்ணாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். இப்போது கிழமையில் இரண்டு இரவுகள் துணைக்கு ஒருவர் வருகிறார். அந்தச் செலவு அண்ணாவுடையது.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் விரலில் ஈரத்துணி சுற்றி வலக்கன்னத்தைத் துடைக்கிறேன். துணியை எடுக்கும்போதே அப்பா வாயைத் திறந்து தருகிறார்.