மழைக்கோட்டின் வால்

மெடிக்கல் ரெப் வேலைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. கும்பகோணம் எனக்கு ஹெட்குவார்ட்டர். திங்கள் மன்னார்குடி, செவ்வாய் திருவாரூர், புதன் மயிலாடுதுறை என்று வாரம் ஓடும். டாக்டரைப் பார்த்து மருந்தின் பெயரைச் சொல்வது நாளுக்கு அரை மணி நேரம்கூட வராது. மற்றதெல்லாம் வண்டி, கிளினிக் வாசல் பெஞ்சு. கடைசி பேஷண்ட் போன பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். மன்னார்குடியில் ஒன்பதரைக்குக் கிளம்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, வலங்கைமான் வழியாக வீடு சேரும்போது பதினொன்று ஆகிவிடும்.

அப்படித் திரும்பிய ஓர் ஐப்பசி ராத்திரி, நல்ல மழை. கறுப்பு ரெயின்கோட்டு, கறுப்பு ஹெல்மெட், பின் சீட்டில் கட்டிய சாம்பிள் பைக்கும் கறுப்பு உறை. வலங்கைமானைத் தாண்டியதும் பின்னால் ஒரு குட்டி யானை கிறீச்சென்று பிரேக் அடித்து, என் ஹேண்டில்பாரை ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் தாண்டிப் போய் நின்றது. கத்துவதற்குத் தயாராக இறங்கினேன். வண்டிக்காரர் எனக்கு முன்னால் இறங்கிவிட்டார், அப்பா வயசு. "தம்பி, முதல்ல உன் வண்டியோட பின்பக்கத்தப் போய்ப் பாரு" என்றார்.

பார்த்தேன். கோட்டின் வால் சீட்டைத் தாண்டித் தொங்கி, பின்விளக்கை முழுசாக மூடியிருந்தது. பை உறையின் ஓரம் ஒரு இண்டிகேட்டரையும் மறைத்திருந்தது. பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, கோட்டுக்கு உள்பக்கம். "கிட்ட வந்தப்புறம்தான் ஆளு இருக்குறதே தெரிஞ்சுது" என்றார். என்னிடம் இருந்த கத்தலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் கடையில் மஞ்சள் கோட்டு கேட்டேன். "மஞ்சள் யாரும் எடுக்க மாட்டாங்க சார், கறுப்புதான் போகும்" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

பகலில் லைட் எரிந்தால் எதிரே வருகிறவர்கள் விரல்களை மூடித் திறந்து காட்டுவார்கள், ஞாபகம் இருக்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே முன்விளக்கும் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. பேட்டரி வீண் என்று நானும் முனகியிருக்கிறேன். அந்த விளக்கு எனக்கு வழி காட்ட அல்ல, என்னை மற்றவனுக்குக் காட்டத்தான் என்பது அந்த மழைக்குப் பிறகுதான் உறைத்தது.

ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு வாத்தியார் ஒரு வேளாங்கண்ணி பாதயாத்திரைக்காரர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே காவி உடுத்திய கூட்டம் சாலை ஓரத்தில் நடக்கத் தொடங்கிவிடும். விடியற்காலை இருட்டில் காவியும் கறுப்பும் ஒன்றுதான். அன்று ஒருவர் முதுகுப்பையில் மட்டும் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டியிருந்தது. கூட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே அது தெரிந்தது. அந்த வாரமே ஹெல்மெட்டின் பின்புறமும் சாம்பிள் பையிலும் சிவப்புப் பட்டை ஒட்டினேன். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாது.

ஆனால் பட்டையும் மஞ்சளும் எல்லா இடத்திலும் உதவாது. டவுன் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகும்போது அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால், நானும் அவருக்குத் தெரியவில்லை. பின்வாங்கிவிடுவேன், இல்லை சட்டென்று கடந்துவிடுவேன், பக்கவாட்டில் தங்க மாட்டேன். கரும்பு டிராக்டரை முந்த வெளியே வரும் பஸ்ஸுக்கு எதிரே இரவில் நாம் ஒரு சின்னப் புள்ளி. எவ்வளவு தூரத்தில் வருகிறோம் என்று அவரால் மட்டிட முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். அதனால் முதலில் வேகத்தைக் குறைப்பேன். அப்புறம் என் பாதைக்குள்ளேயே கொஞ்சம் இப்படி அப்படி நகர்வேன். அசையும் வெளிச்சம் கண்ணை இழுக்கும். எதிரே வரும் ஒத்த லைட்டையும் நான் பைக் என்று நம்புவதில்லை. ஒரு கண் போன லாரியாகவும் இருக்கலாம்.

அறுவடைக் காலம் தனிக் கதை. பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் அணைப்புக்குக் கல் இருக்கும், ராத்திரி அதே நெல் கறுப்புத் தார்ப்பாய்க்குள் குவியலாகும். திட்ட எனக்கு மனசு வராது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிடுவார்கள், ஊரில் களமோ போதாது. நெல் மேல் மட்டும் பிரேக் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். சக்கரம் கோலிக்குண்டு மேல் போவது போலப் போகும். அந்தக் கல்லில் ஒரு சொட்டு சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று எனக்குத் தெரிந்த விவசாயிகளிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் அடித்தார்கள்.

போன மாதம் மேனேஜர் ஜாயின்ட் வொர்க் வந்தார், அதாவது என் வண்டியிலேயே ஏறி என்னோடு டாக்டர்களைப் பார்க்க. மஞ்சள் கோட்டைப் பார்த்து, "இதப் போட்டுக்கிட்டு டாக்டர் முன்னாடி போயிடாதீங்க" என்றார். திரும்பும்போது மழை பிடித்தது. அவரிடம் இருந்தது கறுப்புக் கோட்டு. வலங்கைமான் வருவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்தி, அவர் கோட்டின் வால் விளக்கை மூடுகிறதா என்று இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவரே எழுந்து, வாலை இழுத்துத் தனக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.