சித்திரையில் அம்மா

ஏப்ரல் 28, வெள்ளி

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மூன்று மணிக்கு "முதல் பெல் அடிச்சாச்சா?" என்று கேட்டாள். "அடிச்சாச்சும்மா, எல்லாரும் உள்ள வந்துட்டாங்க" என்றேன். அதற்கப்புறம்தான் கண்ணை மூடினாள்.

ஏப்ரல் 29

அரை டம்ளர் கஞ்சி. அவ்வளவுதான்.

ஏப்ரல் 30, ஞாயிறு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பஸ் டிரைவர். இந்த மாசக் கடைசியோடு, இல்லை, மே கடைசியோடு ரிட்டையர்டு ஆகிறாராம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கட்டிலுக்குக் கிட்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அறுபது வயசு மனுஷர். "டீச்சர், அழகர் ஆத்துல இறங்குனதுக்கு மறுநாள் பொறந்தவன் நாந்தான்." அம்மா முகம் மாறியது. தெரிந்துகொண்டாள்.

அம்மா வேலைக்குச் சேர்ந்தது 1957. அதற்கு முந்தின வருஷம்தான் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்திருந்தார். சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆத்தாமார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு. சரி, பிறந்த தேதி? யாருக்குத் தெரியும்! பல பள்ளிக்கூடங்களில் ஜூன் ஒன்று என்று வரிசையாக எழுதிவிடுவார்கள், அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது. அம்மா மட்டும் பழைய பாம்புப் பஞ்சாங்கங்களைக் கட்டி வைத்திருந்தாள். மழைக்கு முன்னாடியா, பின்னாடியா? எந்தச் சாமி கும்பிடு? வைகை அணை திறந்த வருஷமா, தனுஷ்கோடிப் புயலடித்த வருஷமா? ஆத்தாக்காரி களையெடுக்கப் போகிற அவசரத்தில் நிற்பாள். விடமாட்டாள் அம்மா. விரலை வைத்துத் தேடித்தேடி, திதி பார்த்து, அப்புறம்தான் அட்மிஷன் ரிஜிஸ்டரில் மை படும்.

"நீங்களும் ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்கலாம் டீச்சர். ஆனா இது என் தேதி" என்றார் அவர்.

ஏன் இப்படி மெனக்கெட்டாய் என்று முன்பு ஒருநாள் கேட்டிருக்கிறேன். அவளுக்கே ஜூலை ஒன்று என்றுதான் சர்டிபிகேட். கம்பு அறுப்பு சமயம் பிறந்தாள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. "நான் கேக்கணும்னு நெனச்சப்ப சொல்றதுக்கு ஆளில்ல. அதான், ஆத்தாமார் இருக்கையிலயே கேட்டு எழுதிட்டேன்" என்றாள்.

மே 2

மீனாட்சி கல்யாணம். மதினி டிவி முன்னால் உட்கார்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அம்மா பார்க்கவில்லை. காய்ச்சல் 102.

மே 3

இறங்கிவிட்டது! இரண்டு இட்லி சாப்பிட்டாள். பேசவும் பேசினாள்.

போன செப்டம்பரில் கீழ அண்ணாத்தோப்பு பள்ளியில் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்ததை டிவியில் பார்த்து அழுதவள் இவள். "எம்புட்டுப் பிள்ளைக பிரேயர்ல மயங்கி விழுந்திருக்கு தெரியுமா?" இன்றைக்கும் அதையே சொன்னாள். அப்புறம் கரும்பலகை. மே மாசக் கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். வேலியில் கோவை இலை பறிப்பது என் வேலை. அடுப்புக்கரியை இடித்துச் சலித்து, இலையோடு சேர்த்து அம்மியில் அரைத்து, துணிப்பந்தால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. குறுக்கே தேய்த்தால் திட்டுத்திட்டாகிவிடும். காய்ந்ததும் இன்னொரு தடவை. முழங்கை வரை பச்சையும் கறுப்புமாக ஒழுகும். நகக்கண்ணில் ஒரு வாரம் போகாது. அந்தக் கையோடுதான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

இந்தக் கையை இன்றைக்குத் துடைத்துவிடும்போது ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிக் கிடக்கிறது.

மே 4

எதிர்சேவை, அழகரை எதிர்கொண்டு அழைக்கிற நாள். புதூர் ரோடு முழுக்கக் கூட்டம். ஆட்டோ இல்லை. டாக்டர் போனிலேயே மாத்திரை சொன்னார். மூச்சு வாங்குகிறது. அண்ணன் எப்போது வந்து சேருவான்?

மே 5

வாணவேடிக்கைச் சத்தம். விடிய விடிய ஜனங்கள் ஆற்றுக்குப் போகிறார்கள். ஜன்னலைச் சாத்தவா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மே 7

அம்மா போய்விட்டாள். சாயங்காலம் தத்தநேரி சுடுகாடு.

மே 10

படிவத்தில் வயது கேட்கிறது. "சர்டிபிகேட்ல இருக்கிறதைப் போடு" என்கிறான் அண்ணன். எழுதினேன். 87. என் கையால் ஜூலை ஒன்றுக்கு ஒத்துக்கொண்டது ஆத்திரமாக வருகிறது. பென்ஷன் ஆபீசுக்கு வேறு சொல்ல வேண்டும்.

பால் கணக்கு நோட்டு கிடைத்தது. 1978-ல் எழுத்து மாறியதும் பிள்ளைகளுக்குப் புது எழுத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். வீட்டு நோட்டில் கடைசி வரை துதிக்கை வைத்த பழைய லைதான்.

மே 13

டிரைவர் போன் பண்ணினார். பள்ளிக்கூடத்தில் மாட்ட அம்மா படம் வேண்டுமாம், பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஸ்டுடியோவில் எடுத்ததைக் கொடுக்கலாம் என்கிறான் அண்ணன், பட்டுச்சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருப்பது. எனக்கு அது வேண்டாம். வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிற படம் ஒன்று உண்டு. பீரோவில் தேட வேண்டும். நாளைக்கு மதினியைக் கூப்பிட்டு