நானோ படிக்கப் போன பாம்பன் பய

லீவுக்கு ஊருக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள அப்பத்தா "என்னய்யா, கனடாவுல போயி அப்படி என்னதான் படிக்கிற"ன்னு புடிச்சிருச்சு. அப்பா பொத்துகிட்டிருந்த வலையைக் காட்டி, இந்த நூல் அரை மில்லிமீட்டர்னா அது 5 லட்சம் நானோமீட்டர் அப்பத்தா, நாங்க 100 நானோமீட்டருக்குக் கீழதான் குடும்பம் நடத்துறோம்னேன். நம்பல.

வாட்டர்லூ யூனிவர்சிட்டியில 2005-ல ஆரம்பிச்ச நானோடெக்னாலஜி இன்ஜினியரிங் கோர்ஸ் இது. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு கொதிக்க வச்ச மாதிரி இருக்கும், நடுநடுவுல நாலு மாசம் கம்பெனி வேலை வேற, கோ-ஆப்னு பேரு, அந்த வேலை தேடுறதே தனிப் பரீட்சை.

க்ளீன்ரூம்னு தூசி அண்டாத லேப் ஒண்ணு, அதுல மஞ்ச லைட்டுதான் எரியும், ஏன்னா சிலிக்கான் மேல பூசுற போட்டோரெசிஸ்ட்ங்கிற, வெளிச்சம் பட்டா மாறிப்போற பூச்சுல நீல வெளிச்சமோ அல்ட்ராவயலட்டோ பட்டா போச்சு. தூசிக்குப் பயந்து தலையிலருந்து கால் வரை மூடிக்கிட்டுப் போகணும் (தனுஷ்கோடி மணல் காத்துல வளந்தவனுக்கு இது ரொம்ப ஓவர்).

தங்கத்தை 20 நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்கி தண்ணியில மெதக்க விட்டா செவப்பாத் தெரியும்னு சொன்னதும்தான் அப்பத்தா நிமிந்து பாத்துச்சு.

"செவப்பாப் போனா அடகுக்கடைக்காரன் எடுப்பானாய்யா?"

அப்பத்தாவோட சங்கிலி இன்னும் அங்கதான் கெடக்கு, என் முதல் டேர்ம் பீஸுக்கு வச்சது.