குயூனிக் காட்டில் பொன் தேடல்: கள நாட்குறிப்பு

செப்டம்பர் 4, பார்ட்டிக்கா

எஸ்ஸெகீபோ, மசரூனி, குயூனி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் இருக்கும் இந்தச் சிறு நகரம்தான் கயானாவின் தங்கக் காடுகளுக்குத் தலைவாசல். மே முதல் ஆகஸ்ட் வரை நீளும் பெருமழை ஓய்ந்துவிட்டது. டிசம்பரில் அடுத்த மழை தொடங்கும். மண் மாதிரி எடுக்கும் வேலை முழுவதையும் இந்த இடைவெளிக்குள் முடித்தாக வேண்டும். அரிசியும் டீசலும் படகில் ஏறிவிட்டன.

செப்டம்பர் 8

முகாம் அமைப்பதற்கு முன் பழங்குடிக் கிராமத்தின் கூட்டத்துக்குச் சென்றோம். ஊர்த் தலைவரைத் தொஷாவ் என்று அழைக்கிறார்கள். வேலை கிடைக்குமா என்பதைவிட, ஓடை நீர் என்னவாகும் என்றுதான் பலரும் கேட்டார்கள். 1995 ஆகஸ்டில் ஒமாய் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, சயனைடு கலந்த நீர் எஸ்ஸெகீபோவில் பாய்ந்ததை இந்த நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இந்தக் கட்டத்தில் நாங்கள் எந்த இரசாயனத்தையும் காட்டுக்குள் கொண்டுவரப் போவதில்லை என்றும், தோண்டும் குழிகளை நாங்களே மூடிவிடுவோம் என்றும் சொன்னோம். மாதிரி எடுக்கும் கோடுகளை, அதாவது காட்டினூடே செல்லும் நேர்ப்பாதைகளை, வெட்ட அந்த ஊர் இளைஞர்களே வருகிறார்கள். மரங்களையும் பாம்புகளையும் அவர்கள் அறிந்த அளவுக்கு எங்களில் எவரும் அறிந்ததில்லை.

செப்டம்பர் 15

நாங்கள் பொன் தேடும் இந்தப் பாறைப் பகுதிக்குப் பசும்பாறைப் பட்டை என்று பெயர் இருந்தாலும் இங்கே பச்சைப் பாறையைக் கண்ணால் காண்பது அரிது. ஏறத்தாழ 210 முதல் 220 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பரவிய எரிமலைக் குழம்பும் அதனுடன் படிந்த வண்டலும், கிரானைட் திரள்களுக்கு இடையே நெருக்குண்டு மடிந்து, குளோரைட், எபிடோட் போன்ற கனிமங்களால் பசுமை பெற்றவை இவை. (தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகள் உழைத்த கோலார் தங்கவயலும் பசும்பாறைப் பட்டைதான், வயதில் இதைவிட மூத்தது.) ஆனால் வெப்பமண்டல மழை இங்கே பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்குக் களிமண்ணாக்கிவிட்டது. அதைத்தான் சாப்ரோலைட் என்கிறோம்.

இன்று ஓடைக் கரையில் அதைக் கத்தியால் ஒரு கட்டியாக அறுத்தெடுத்தேன். கையில் பிசைந்தால் மாவாகும் அந்த மண்ணில், பழைய பாறையின் அடுக்குகள் இழை பிசகாமல் அப்படியே நின்றன. விரல் தடிமனுள்ள குவார்ட்ஸ் நரம்பு ஒன்று அடுக்குகளை ஒட்டியே ஓடியது. அதன் விளிம்பில் பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம் கரைந்துபோன இடங்கள், துருப்படிந்த சிறுசிறு சதுரக் குழிகளாக இருந்தன. பொன் பெரும்பாலும் பைரைட்டுடன் சேர்ந்து வருவதால், அந்தக் குழிகளை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 24

ஓடை மணலைத் தட்டில் அரித்தோம். நீரின் அடர்த்தி 1 என்றால் பொன்னின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. நீரைச் சுழற்றச் சுழற்ற வெண்மணல் வழிந்து, கருமணலின் ஓரத்தில் பொன் துகள் தங்கிவிடுகிறது. எத்தனை துகள்கள் என்பதைவிட அவற்றின் வடிவத்தையே நான் முதலில் பார்க்கிறேன். தட்டையாகி விளிம்பு மழுங்கியிருந்தால் அது நெடுந்தூரம் உருண்டு வந்தது. மேல் கிளையோடையில் கிடைத்தவையோ சொரசொரப்பாக இருந்தன. ஒன்றில் குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டே இருந்தது. மூலம் அருகில்தான் இருக்க வேண்டும்.

மாலையில் போர்க்நாக்கர் ஒருவர், அதாவது தனியாகக் காட்டில் பொன் எடுத்துப் பிழைக்கும் முதியவர், தம் பழைய குழியைக் காட்டினார். அந்தக் கிளையில் ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு மேலே பொன் கிடைப்பதில்லை என்றார். எங்கள் தட்டுகளும் அதையே சொன்னதால், அவர் சொன்னதை வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். பொன் துகள்களைப் பிடித்த பாதரசத்தை அவர் வெறும் தட்டில் வைத்துச் சூடாக்கி ஆவியாக்குவதுதான் என்னை வருத்தியது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் கயானா 2013இல் கையெழுத்திட்டுவிட்டது. ஆனால் ஆவியை அடக்கும் ஒரு சிறு மூடிய வடிகலன் அவருடைய கைக்கு இன்னும் எட்டவில்லை.

அக்டோபர் 10

200 மீட்டர் இடைவெளியில் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் 50 மீட்டருக்கு ஒரு மண் மாதிரி. வேர்ப்படலத்துக்குக் கீழே கை ஆகரை (கையால் சுழற்றி மண்ணைத் துளைக்கும் கருவியை) இறக்கி மண் எடுக்கிறோம். வேலை தொடங்கும்முன் எல்லோரும் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றி வைக்க வேண்டும் என்பது முகாமின் கண்டிப்பான விதி. பூமியின் மேலோட்டில் பொன் சராசரியாக 250 டன்னுக்கு ஒரு கிராம் என்ற அளவில்தான் இருக்கிறது. அத்தனை நுண்ணிய அளவைத் தேடும்போது, மோதிரத்தின் உரசல்கூட, உண்மையில் இல்லாத ஒரு சுரங்கத்தை வரைபடத்தில் உண்டாக்கிவிடும். ஆய்வகத்தின் அளவீட்டைச் சோதிக்க, மாதிரிகளுக்கு இடையே பொன் இல்லாத மண்ணையும் அளவு தெரிந்த தரமாதிரியையும் அடையாளம் காட்டாமல் செருகி அனுப்புகிறோம். இந்தோனேசியாவின் புசாங்கில் மாதிரிகளில் பொன் கலந்து உலகையே ஏமாற்றிய பிரீ-எக்ஸ் என்ற சுரங்க நிறுவனத்தின் மோசடி 1997இல் வெளிப்பட்ட பின்பு, இதில் சலுகை கேட்பவரை நான் பொறுத்துக்கொள்வதில்லை.

கிழக்கு மேட்டில் வெண்மணல் மூடியிருக்கிறது. அது வேறு இடத்திலிருந்து பிற்காலத்தில் வந்து படிந்தது. அடியிலுள்ள பாறையைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தக் கோடுகளை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

நவம்பர் 5

ஆய்வக முடிவுகள் வந்தன. தென்கோடியில் ஒரே ஒரு மாதிரி மிக உயர்ந்த அளவைக் காட்டுகிறது; சுற்றியுள்ளவை அனைத்தும் வெறுமை. தலைநகரிலிருந்து தொலைபேசியில் பேசியவர்களின் மகிழ்ச்சி எல்லாம் அதைப் பற்றித்தான். ஒரு பருமனான துகள் தற்செயலாகப் பைக்குள் விழுந்தாலும் இப்படி எண் வரும். மறு ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறேன், அதற்குமேல் அதைப் பேச விரும்பவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வடக்குச் சரிவு. அங்கே எந்த எண்ணும் பெரிதில்லை, ஆனால் அடுத்தடுத்த நான்கு கோடுகளிலும் அளவு சற்றே உயர்ந்து, சாப்ரோலைட்டின் அடுக்குகள் ஓடும் அதே வடமேற்குத் திசையில் வரிசையாக நிற்கிறது. சொரசொரப்பான துகள்கள் கிடைத்த கிளையோடையும் அந்தச் சரிவிலிருந்துதான் இறங்குகிறது. மண்ணில் உள்ள பொன் மழையோடு சரிவில் கீழே ஊர்ந்து பரவும் என்பதால், மூலம் இந்த வரிசைக்குச் சற்று மேலே இருக்கக்கூடும். ஆகவே அந்த மேட்டில் ஆகரைச் சாப்ரோலைட் வரை இறக்கப் போகிறோம். குவார்ட்ஸ் தென்பட்டால் குறுக்கே ஒரு அகழி வெட்டுவோம். துளையிடும் இயந்திரத்தை இந்த ஆண்டு கேட்கப்போவதில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அகழிக்கான இடத்தைத் தொஷாவிடம் நேரில் காட்டி ஒப்புதல் பெற நாளை காலை படகில் போகிறோம்.